பதினேழாம் வால்வுக்கு இரண்டரைச் சுற்று

வால்வுக்காரருக்கு வந்த சுற்றறிக்கை பதினோரு பக்கம். பொருள்: குறிப்புகளைக் குறைப்பது தொடர்பாக. குறைக்கச் சொல்வதற்கே பதினோரு பக்கம் எடுத்துக்கொண்டவர்களிடம் என்ன எதிர்பார்க்க முடியும் என்று அவர் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்குகிற மனிதர் அவர்.

நகரக் குடிநீர் வாரியத்தில் இருபத்தொன்பது வருஷமாக வால்வு திறந்து மூடுவது அவர் வேலை. ஆள் உயரத்தில் ஓர் இரும்புச் சாவி இருக்கும். அதை சைக்கிளில் கட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்புவார். தெருவில் மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கி, சுற்றுவார். கேட்பதற்கு யார் வேண்டுமானாலும் செய்யலாம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த ஊரில் இருந்த நாற்பது வால்வுக்கும் நாற்பது குணம். எட்டாம் வால்வு வலப்பக்கம் சுற்றினால் திறக்கும். பக்கத்திலேயே இருக்கும் ஒன்பதாம் வால்வு அதே பக்கம் சுற்றினால் மூடிக்கொள்ளும். இருபத்திரண்டாம் வால்வை மழைக்கு மறுநாள் தொடக்கூடாது. எல்லாவற்றிலும் வம்பு பிடித்தது பதினேழு. அதை இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் மேட்டிலிருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் ஏறாது. மூன்று சுற்றினால் சாலைக்கு அடியில் இருக்கும் பழைய இணைப்பு தாங்காது, வெடித்துவிடும். அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு முறை வெடித்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் கை அந்த அரைச் சுற்றை மறந்ததில்லை.

ஆஸ்பத்திரி விஷயத்தில் அவருக்கு இன்னொரு அக்கறையும் உண்டு. அவர் மனைவி அங்கே பிரசவ வார்டில் நர்ஸ். தினமும் காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் போன் செய்து, "வந்துடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் கணவரை மனதாரப் பாராட்டியது அந்த ஒரு வார்த்தையில்தான்.

இதையெல்லாம் வால்வுக்காரர் ஒரு நீல நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் வாரியம் 'அறிவுச் சேமிப்பு ஆண்டு' கொண்டாடியது. ஆளுக்கொரு போன் கொடுத்து, மனதில் இருப்பதை, நோட்டில் இருப்பதை, வாயில் வருவதை, எல்லாவற்றையும் அதில் குறிப்பாக ஏற்று என்று உத்தரவிட்டது. நீல நோட்டைப் பிடுங்கிக் கூழாக்க அனுப்பியது. அவர் எட்டு மாதம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி மூவாயிரத்து நூற்று நாற்பத்தாறு குறிப்புகளை ஏற்றினார். வாரியத்திலேயே அதுதான் அதிகம் என்று கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். வீட்டில் பீரோவின் ஒரு கால் குட்டையாக இருந்தது. மனைவி கேடயத்தை அதற்கு முட்டுக் கொடுத்தார். கன கச்சிதமாகப் பொருந்தியது.

அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவரும் இந்தப் பதினோரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டவரும் ஒரே ஆள். ஆறு வருஷத்தில் பதவி உயர்ந்து, புதிதாக முளைத்த 'குறிப்புச் சீரமைப்பு இயக்கக'த்துக்கு இயக்குநர் ஆகியிருந்தார். கையெழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

சீரமைப்பின் தொடக்க விழாவுக்கு எல்லோரையும் அரங்கத்தில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் "சுருக்கமா சொல்லணும்னா" என்று ஆரம்பித்து ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். அந்தச் சொல்லால்தான் ஊழியர்கள் அவருக்குச் 'சுருக்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"குறிப்புங்கிறது பாரம், நண்பர்களே. என்னையே எடுத்துக்கங்க. ஆறு வருஷமா நான் ஒரு குறிப்புகூட எழுதலை. என் போனைத் திறந்து பாருங்க, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும். எப்படி சார் முடிஞ்சுதுன்னு கேப்பீங்க. ஞாபகம் வெச்சுக்க வேண்டிய எந்த வேலையையும் நான் என்கிட்ட வெச்சுக்கிறதே இல்லை. வந்த வேகத்துல கீழ தள்ளிடுவேன். என் மனசு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா? உங்க எல்லாருக்கும் அந்த மனசு வரணும். அதுதான் என் ஆசை."

கை தட்டினார்கள். மீட்டர் கணக்கெடுக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், போன தடவை எல்லாத்தையும் எழுதச் சொன்னதும் நீங்கதானே?"

"ரொம்ப நல்ல கேள்வி. எழுதினாத்தானேம்மா அழிக்க முடியும்? முதல் கட்டம் அமோக வெற்றி. அதனாலதான் ரெண்டாம் கட்டத்துக்கு வந்திருக்கோம். நீங்க எல்லாம் அன்னைக்கு எழுதாம ஏமாத்தியிருந்தா இன்னைக்கு இந்த இயக்ககத்துக்கே வேலை இருந்திருக்காது. அதுக்காக நான் உங்களுக்கு நன்றி சொல்றேன்."

அதற்கும் கை தட்டினார்கள். வால்வுக்காரரும் தட்டினார்; பக்கத்தில் இருந்தவர் தட்டினார் என்பதைத் தவிர அதற்குக் காரணம் கிடையாது.

விதிகள் மூன்று. ஒருவருக்கு ஐம்பது குறிப்புகள்தான். தொண்ணூறு நாட்களாகத் திறந்து பார்க்காத குறிப்பு தானாகவே செத்ததாகக் கருதப்படும். ஒரு விஷயத்துக்கு ஒரு குறிப்புக்கு மேல் இருக்கக்கூடாது. இந்த ஐம்பதிலும் பத்து கட்டாயக் குறிப்புகள்: இயக்ககத்தின் உறுதிமொழி, தொலைநோக்கு, இயக்குநரின் படம், இயக்குநரின் செய்தி, அந்தச் செய்தியின் சுருக்கம், இத்யாதி. சுருக்கம் செய்தியைவிட ஒரு பக்கம் நீளம்.

*

குறிப்பு வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வகைப்பாட்டு அலுவலர் முன்னால் ஆஜராக வேண்டும். அந்த அம்மாள் மெதுவாகப் பேசுபவர், கோபமே வராது. அவர் மேசையில் ஒரு குண்டூசிகூடக் கிடையாது. ஒழுங்கு என்றால் அதுதான் ஒழுங்கு என்று வால்வுக்காரர் வாயைப் பிளந்தார். மேசையில் இருந்ததெல்லாம் பின்னறைக்குப் போயிருந்தது. பின்னறைக் கதவு மூடாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

விசாரணை ஒன்பது நாள் நடந்தது.

"குறிப்பு இருநூற்றுப் பன்னிரண்டு," என்று அம்மாள் படித்தார். "'நாலாம் தெரு மஞ்சள் வீட்டு நாய் சைக்கிளைப் பார்த்தால் கடிக்கும்.' இது எந்த வகைங்க?"

"வகைன்னா... நாய்தாங்க மேடம்."

"அப்போ விலங்கு. விலங்கு நம்ம வாரியத்துல வராது. கால்நடைத் துறைக்கு அனுப்பிடுறேன்."

"அனுப்பினா, அங்க என்ன பண்ணுவாங்க?"

"அவங்களும் குறிப்பைக் குறைச்சுட்டுதான் இருக்காங்க."

எட்டாம் வால்வையும் ஒன்பதாம் வால்வையும் பற்றிய குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாக அம்மாள் கண்டுபிடித்தார். ஒன்று வலம் என்கிறது, மற்றது இடம் என்கிறது. ஒரே அலுவலகத்தில் இரண்டு கருத்து இருப்பது நல்லதல்ல. இப்படித் திசையைப் பற்றி மட்டும் இருபத்தேழு குறிப்புகள் இருந்தன. அவற்றை ஒரு குழு உட்கார்ந்து, இரண்டு நாள் விவாதித்து, ஒரே குறிப்பாக இணைத்தது. 'வால்வுகளை உரிய திசையில் உரிய அளவு சுற்றவும்.'

"எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருங்க," என்றார் அம்மாள். அவர் கண்ணில் உண்மையாகவே ஒரு பூரிப்பு தெரிந்தது.

அழிக்கிற ஒவ்வொரு குறிப்புக்கும் அவர் மூன்று குறிப்புகள் எழுதினார். ஏன் அழித்தோம், யார் அனுமதித்தார்கள், அழித்தது என்ன. மூவாயிரத்துச் சொச்சம் குறிப்புகளை அழித்ததில் ஒன்பதாயிரத்து முந்நூற்று இருபத்தொரு குறிப்புகள் பிறந்தன. அவற்றை அச்செடுத்துப் பின்னறையில் அடுக்கினார்கள்.

"இதெல்லாம் கணக்குல வராதுங்களா மேடம்?"

"இது குறிப்பு இல்லைங்க. குறிப்பைப் பத்தின குறிப்பு."

ஒன்பதாம் நாள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். கட்டாயக் குறிப்பு பத்து, இணைத்த குறிப்பு ஒன்று. மீதி இடம் முப்பத்தொன்பது. வால்வு நாற்பது. ஒரு வால்வு போயாக வேண்டும்.

"எது அதிக நாளாத் தொடாம இருக்கு?" என்று அம்மாள் பட்டியலைப் பார்த்தார். "பதினெட்டு. இந்தக் குறிப்பைத் திறந்து நாலு வருஷம் ஆச்சு. செத்துடுச்சு."

"குறிப்பைத் திறக்கலைங்க. வால்வு எப்பவும் திறந்தேதாங்க இருக்கு. மேலதிகாரிங்க குடியிருப்புக்குத் தண்ணி அது வழியாத்தான் போகுது. எப்பவாவது குழாய் உடைஞ்சா மட்டும்தான் அதை மூடணும். அதோட மூடி நடைபாதை ஓட்டுக்கு அடியில புதைஞ்சு கிடக்கு. அந்தக் குறிப்பு இல்லைன்னா அது எங்க இருக்குன்னே யாருக்கும் தெரியாது."

"எப்பவும் திறந்தே இருக்குன்னா அதுக்கு எதுக்குங்க குறிப்பு?"

கேள்வி நியாயமாக இருப்பதுபோல் தோன்றியது. அதற்குள் அம்மாள் ஒரு பொத்தானைத் தட்டினார். மேலதிகாரிகள் குடியிருப்பில் முதல் வீடு இயக்குநருடையது. அதைக் குறிப்பாக யாரும் எழுதி வைக்கவில்லை.

கடைசியாகப் பதினேழு வந்தது. இதற்காகவே வால்வுக்காரர் அத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றது எது போனாலும் இது நிற்க வேண்டும்.

நின்றது. புதிய படிவத்தில் வால்வுக்கு ஒரு கட்டம், சுற்றுக்கு ஒரு கட்டம். அம்மாள் பதினேழு என்று அடித்தார். அடுத்த கட்டத்தில் இரண்டரை என்று அடித்தார். கட்டம் சிவந்து பீப் என்றது.

"பின்னம் எடுக்காதுங்க. முழு எண்தான்."

"ரெண்டரைதாங்க மேடம் அது."

"அரை வந்தா மேல ஏத்திடணும்னு விதி இருக்கு. மூணு."

வால்வுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஐயோ, மூணு சுத்துனா வெடிச்சுடுங்க! சாலைக்கு அடியில பழைய இணைப்பு. ஆஸ்பத்திரிக்குச் சொட்டுத் தண்ணி ஏறாது!"

"அப்போ ரெண்டுன்னு போடட்டுமா? அதுக்கு விதிவிலக்கு விண்ணப்பம் போடணும்."

"ரெண்டும் பத்தாதுங்க. மூணு சுத்தக்கூடாதுன்னு பக்கத்துல ஒரு வரி போட்டுக் குடுங்களேன்."

"அது இன்னொரு குறிப்பு ஆயிடும். ஒரு விஷயத்துக்கு ஒரு குறிப்புதான்." அம்மாள் ஆறுதலாகச் சிரித்தார். "அரைச் சுத்துதானேங்க. இதுக்காக ஒரு இயக்ககத்தோட படிவத்தையே மாத்த முடியுமா, சொல்லுங்க?"

கட்டம் பச்சையானது. பதினேழு: மூன்று.

அன்று மாலை வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "வார்டுல ஒரு நாளைக்கு எட்டுப் பிரசவம் நடக்குது. அரைச் சுத்துதானேங்கிறாளா? அவளை வந்து ஒரு நாள் நிக்கச் சொல்லுங்க. நீங்க ஏங்க வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"சொன்னேன்டி. கட்டம் எடுக்கலையாம்."

"கட்டத்துக்குப் பொறந்தவங்க. ஒரு காகிதத்துல எழுதி வெச்சுக்குங்க."

அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்கள். மறுநாள் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வந்தது. அழிக்கப்பட்ட எந்தக் குறிப்பின் நகலும் என்னிடம் காகிதத்திலோ, சுவரிலோ, மனதிலோ இல்லை. அவற்றில் உள்ளது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. பிறருக்கு வாயால் சொல்வதும் நகல் கொடுப்பதாகவே கருதப்படும். மீறினால் வேலை நீக்கம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தார்.

"சார், இது மனசுல இருக்கே. எப்படி இல்லைன்னு போடறது?" என்று இயக்குநரையே கேட்டார்.

"அதுதான் உண்மையான குப்பை," என்றார் இயக்குநர். "போன்ல அழிச்சுட்டு மனசுல வெச்சிருந்தா வீட்டைப் பெருக்கி மூலையில குமிச்ச மாதிரி. போடுங்க கையெழுத்தை. நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன். இதை விட வேற என்ன கௌரவம் வேணும் உங்களுக்கு?"

ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. அவர் போட்டார். போடும்போது தன் மேலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது.

*

குறிப்புகள் இவ்வளவு சுத்தமான பிறகு வால்வுக்கென்று தனியாக ஓர் ஆள் எதற்கு என்ற ஞானம் அடுத்த வாரம் இயக்ககத்துக்கு வந்தது. படிக்கத் தெரிந்த எவரும் சுற்றலாம். வால்வுக்காரரை 'முன்மாதிரி ஊழியர்' என்று இயக்ககத்தின் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பார்வையாளர்கள் வந்தால் அவர் போனைத் திறந்து ஐம்பது குறிப்புகளைக் காட்ட வேண்டும். வால்வு வேலை இயக்ககத்தின் தட்டச்சர் ஒருவருக்குப் போனது. அவர் நல்ல மனிதர், கண்ணாடி போட்டவர், சொன்னதைச் செய்பவர்.

முதல் நாள் காலையில் அவர் இரும்புச் சாவியை வாங்க வந்தபோது வால்வுக்காரர் அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

"தம்பி, பதினேழு மட்டும்..."

தட்டச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அண்ணே, வேண்டாண்ணே. நீங்க ஞாபகம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நீங்க சொல்லி நான் கேட்டா வாய்வழி நகல். ரெண்டு பேருக்குமே வேலை போயிடும். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. என்னை விட்டுடுங்க." காதைப் பொத்தியபடியே சைக்கிளை நோக்கி நடந்தார். சாவியை அப்புறம் திரும்பி வந்துதான் எடுத்துக்கொண்டார்.

அன்று பத்து மணிக்கு நிறைவு விழா. அதே அரங்கம், அதே கைதட்டல். வால்வுக்காரருக்கு மறுபடி ஒரு கண்ணாடிக் கேடயம். இந்த முறை மிகக் குறைவான குறிப்புக்காக. பீரோவுக்கு இன்னொரு கால் குட்டையாக இல்லையே என்று அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"ஏங்க, வார்டுல தண்ணி நின்னுபோச்சு." மனைவியின் குரலில் இப்படி ஒரு பதற்றத்தை அவர் கேட்டதே இல்லை. "பத்து நிமிஷமா சொட்டு இல்லை. மேல்தொட்டியும் காலி. ரெண்டு பேர் வலியில கத்திட்டு இருக்காங்க. எனக்குக் கை கழுவத் தண்ணி இல்லைங்க. என்ன பண்ணித் தொலைச்சாங்க அங்க?"

அவர் எழுந்தார். மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

"முன்மாதிரி ஊழியர் ஏன் எழுந்துக்கிறாரு? உக்காருங்க. நான் இன்னும் சுருக்கத்துக்கே வரலை."

"தண்ணி சார்..."

"வெளியில ஜக்குல வெச்சிருக்கு. முடிஞ்சதும் குடிக்கலாம்."

இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக வால்வுக்காரர் ஓர் அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே நடந்தார். கேடயம் நாற்காலியிலேயே கிடந்தது.

வெளியே, இயக்ககத்துக்கு நேர் எதிரே, சாலையின் நடுவில் தண்ணீர் ஒரு மாடி உயரத்துக்கு எழும்பி நின்றது. இயக்ககத்தின் வாசல்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பின்னறையிலிருந்து குறிப்பைப் பற்றிய குறிப்புகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. பதினேழாம் வால்வின் குழி ஓரத்தில் தட்டச்சர் தலை முதல் கால் வரை நனைந்து நின்றார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. மூன்று என்று இருந்தது, மூன்று சுற்றினார். தப்பு வந்துவிடக்கூடாதே என்று வாய்விட்டு எண்ணவும் செய்திருக்கிறார்.

"அண்ணே, குறிப்புப்படிதாண்ணே பண்ணேன்," என்று அழுதார்.

"அதாம்பா பண்ணியிருக்கே. சாவியைக் குடு."

அவர் பதினேழை மூடினார். நீரூற்று அடங்கியது. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய அச்சகத்துச் சுவரோரம் இருக்கும் முப்பத்தொன்றாம் வால்வுக்குப் போனார். அது ஒல்லியான ஒரு பக்கக் குழாய். உடைந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போகும். அதைத் திறந்தால் கொஞ்சம் தண்ணீர் வரும். ஆனால் அந்தக் கொஞ்சத்தை ஆஸ்பத்திரிக்கும் அதிகாரிகள் குடியிருப்புக்கும் பங்கு போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றும் ஏறாது. யாராவது ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

அவர் நேராக நடைபாதைக்குப் போனார். விளக்குக் கம்பத்திலிருந்து மூன்றாவது ஓடு. கடப்பாறையால் நெம்பினார். கீழே பதினெட்டாம் வால்வின் மூடி துருப்பிடித்துக் கிடந்தது. சாவியை இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, இறுக மூடினார். ஓட்டைப் பழையபடி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஆனது.

போன் அடித்தது.

"வந்துடுச்சு," என்றார் மனைவி. வழக்கம்போல் வைத்துவிடவில்லை. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. "பொண்ணு. இப்பதான் துடைச்சு வெச்சேன். நீங்க ஏதாவது குடிச்சீங்களா?"

*

விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைவர் இயக்குநர். உறுப்பினர் வகைப்பாட்டு அலுவலர். மூன்று வாரம் உட்கார்ந்து அறிக்கை கொடுத்தார்கள். அதில் இருந்த முக்கியமான பகுதி இது:

'குறிப்பில் மூன்று என்று உள்ளது. ஊழியர் மூன்று சுற்றியுள்ளார். எனவே குறிப்பிலோ ஊழியரிடமோ தவறு இல்லை. குறிப்புக்கு ஒத்துழைக்க மறுத்த வால்வே விபத்துக்குக் காரணம். வால்வை மூன்று சுற்றுக்கு உகந்ததாகத் திருத்தித் தரும்படி அதைச் செய்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதப்படுகிறது. பதில் வரும்வரை சாலையில் ஏற்பட்ட பள்ளம் சான்றாக அப்படியே பாதுகாக்கப்படும். மேலும், பழைய ஊழியர் இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தினமும் அரைச் சுற்று குறைவாகச் சுற்றி வந்தது தெரியவருகிறது. இதற்கு அவரிடம் விளக்கம் கேட்கலாம்.'

அந்த நிறுவனம் மூடப்பட்டு முப்பது வருஷம் ஆகிறது. கடிதம் போய்த் திரும்பி வந்தது; மறுபடி அனுப்பினார்கள். பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று. தட்டச்சர் இரும்புச் சாவியைப் பார்த்தாலே நடுங்கினார் என்பதால், விளக்கம் கேட்கும் கடிதத்தோடு சேர்த்து அந்த வேலையையும் வால்வுக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவர் தினமும் பக்கக் குழாயைத் திறந்தார். ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் போனது. குடியிருப்புக்குப் போகவில்லை.

குடியிருப்புக்கு ஒரு தண்ணீர் லாரியை அனுப்பிப் பார்த்தார்கள். ரயில் பாலத்தின் கீழ் அந்த லாரி நுழையாது என்று ஓட்டுநர் ஒரு காலத்தில் குறிப்பு வைத்திருந்தார். அதுவும் தொண்ணூறு நாளில் செத்துப்போயிருந்தது. புது ஓட்டுநர் நுழைத்தார். லாரி இன்னும் அங்கேதான் நிற்கிறது.

நான்காம் வாரம் ஒரு காலையில் வால்வுக்காரர் சைக்கிளை நடைபாதை ஓரம் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் இளைப்பாறிக்கொண்டிருந்தார். எதிரே இயக்குநர் வேக வேகமாக நடந்து வந்தார். காதுக்குப் பின்னால் சோப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"உங்களைத்தான் தேடிட்டு வரேன். குடியிருப்புக்கு ஒரு வால்வு இருக்காமே. நீங்கதான் மூடியிருக்கீங்கன்னு சொல்றாங்க. திறந்து விடுங்க."

"எந்த வால்வு சார்?"

"பதினெட்டு."

வால்வுக்காரர் போனை எடுத்தார். முன்மாதிரி ஊழியராக இருந்தபோது பழகிய மரியாதையோடு குறிப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார். "பதினாறு, பதினேழு... அடுத்தது பத்தொன்பது சார். பதினெட்டுன்னு ஒண்ணு இல்லைங்களே."

"குறிப்புல இல்லைய்யா. பூமியில இருக்கில்ல?"

"குறிப்புல இல்லாததை நான் எப்படி சார் திறக்கிறது? வெடிச்சா வால்வு மேலதான் தப்புன்னு எழுதிடுவீங்க. வால்வே இல்லைன்னா யாரு மேல எழுதுவீங்க?"

இயக்குநர் குரலை இறக்கினார். "சும்மா சொல்லுங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

"இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். நீங்கதான் சாட்சி."

"மீட்பு விண்ணப்பம் போட்டு அந்தக் குறிப்பை எடுக்க முடியாதா?"

"போடலாம் சார். அழிச்ச எண் வேணும். அது உங்க பின்னறையில இருந்துது. அன்னைக்கு மிதந்து போயிடுச்சு."

இயக்குநரின் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்தது. "ஒரு நிமிஷம். தொண்ணூறு நாளைக்குள்ள தொட்டிருந்தா உயிரோட இருக்குன்னுதானே விதி? நீங்க போன மாசம்தானே அதைத் தொட்டு மூடியிருக்கீங்க?"

தான் போட்ட விதியில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு அவர் நின்றார். ஊரெல்லாம் எட்டிப் பார்க்கும் அந்தப் பள்ளத்தைப் பற்றி இத்தனை நாளில் அவர் இவ்வளவு யோசித்ததில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. குளிக்க முடியவில்லை என்றதும்தான் அந்த லேசான மனதில் முதல் தடவையாக ஒரு விஷயம் தங்கியிருந்தது. வால்வுக்காரருக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த ஆளுக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றோமே என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

"மூடினதா சொல்றது வால்வைத்தானே சார்," என்றார் பணிவாக. "குறிப்பை நான் தொடவே இல்லையே."

இயக்குநர் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே வந்த வழியே போனார். தெருமுனை திரும்பும்வரை வால்வுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. "வந்துடுச்சு," என்றார் மனைவி. "இன்னைக்கு நல்லாவே வருது."

"வரும், வரும்," என்றார் அவர்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு விளக்குக் கம்பத்திலிருந்து மூன்றாவது ஓட்டைவிட்டு இறங்கினார். அதுவரை அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தார். ஓட்டின் ஓரத்தில் கொஞ்சம் இடுக்கு தெரிந்தது. செருப்புக் காலால் மண்ணைத் தள்ளி அதை நிரவிவிட்டு, சைக்கிளில் ஏறினார்.